முதுகில் விழுந்த வட்டம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காரு, அடுப்புப் பக்கமாகக் காலை நீட்டிக்கோ, தகரத்தின் மேல் விழுகிற இந்த மழையில் பாதிச் சொல் போய்விடும், அப்புறம் கேட்ட பாதியை வைத்துக்கொண்டு கதை இவ்வளவுதான் என்று கீழே போய்ச் சொல்லித் திரிவாய். இது மேல்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோன ஒரு மழைக்காலத்தின் கதை, அந்த மழைக்காலத்தில் ஞானப்பூ என்கிற நர்ஸ் தன் புருஷனுடைய கண்ணைப் படம் பிடித்த கதை.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் கீழேயிருந்து பஸ்ஸில் நஸ்ரின் என்று ஒரு பெண் வந்தாள், கண்ணாஸ்பத்திரிப் பெண். மடியில் ஒரு பெட்டியை வைத்துக் கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் அதைப் பச்சைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட வாந்தி எடுக்காமல் வந்து இறங்கினாள் என்பதே தொழிலாளர் லைன் வீட்டு ஜனத்துக்கு அவள் மேல் வந்த முதல் மரியாதை. பெட்டிக்குள் கையில் பிடிக்கிற கேமரா. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்ணின் உள்சுவரில் ரத்தம் கசியும், கசிவது வலிக்காது, வலிக்காததால் யாரும் வரமாட்டார்கள், வரும்போது நேரம் தாண்டியிருக்கும் என்றாள். ஒவ்வொரு மலைக்கும் டாக்டர் ஏற முடியாது, அதனால் எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆட்களே படம் பிடித்து அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும், கீழே டாக்டர்கள் பார்த்துச் சொல்வார்கள் என்றாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆட்கள் என்றால் மூன்று பேர்தான். கம்பவுண்டர் தாவீது, நர்ஸ் ஞானப்பூ, ஆயா சுடலி.

முதல் பாடம் இருட்டு. ஊசி போடுகிற அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, கதவிடுக்கில் சாக்கைச் செருகி, அந்த இருட்டில் ஆளை உட்காரவைத்து, கண்மணி தானாக விரியும்வரை சும்மா இருக்க வேண்டும், சும்மா இருப்பதுதான் இந்த வேலையில் பாதி என்றாள் நஸ்ரின். இடது கையை எதிராளியின் நெற்றியில் ஊன்று, கட்டைவிரலால் மேல் இமையைத் தூக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டு, மூச்சைப் பிடி. தூரத்திலிருந்து பார்த்தால் கண்மணி சிவப்பாக மினுங்கும், அந்தச் சிவப்பைக் கைவிடாமல் கிட்டப் போ, போகப் போக அது திரை முழுக்க விரியும், மஞ்சள் தட்டும் அதன் பக்கத்துக் கருந்திட்டும் இரண்டும் உள்ளே வந்தால்தான் படம். கொஞ்சம் சாய்ந்தால் ஓரத்தில் வெள்ளைப் பிறை விழும். கண்ணை மூடாதே என்று சொல்லாதே, சொன்னால் மூடுவார்கள். ஒரு தடவை நல்லா மூடித் திற என்று சொல், பச்சைப் புள்ளியைப் பார் என்று சொல். வலது கண் முதலில், இடது அப்புறம், எந்தக் காலத்திலும் மாற்றாதே.

மூவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பிடித்துப் பழகினார்கள். தாவீதுக்குக் கை நடுங்கும், அவர் பிடித்ததெல்லாம் வெள்ளையாக வந்தது, கண்ணைப் பிடிக்கச் சொன்னால் எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் இறங்குகிற மஞ்சை ஏன் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள் என்று சுடலி கேட்டாள். சுடலி நெற்றியில் ஊன்றினால் தலை பின்னால் போய்ச் சுவரில் இடிக்கும், அதற்குத் தாவீது, உன்னிடம் வந்தால் கண் வியாதி போய் மண்டை வியாதி வரும் என்றார். ஞானப்பூ மட்டும் முதல் தடவையே சுத்தமாகப் பிடித்தாள். கையில் ஒரு நடுக்கம் இல்லை, மூச்சில் ஒரு அசைவு இல்லை. இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லையே அக்கா, எப்படி என்று நஸ்ரின் கேட்டாள். அது அப்படித்தான் என்றாள் ஞானப்பூ.

அது அப்படியாகி மூன்று மழை ஆகியிருந்தது. அவள் மகன் ரூபன், பன்னிரண்டாவது முடித்த பயல், ஒரு நாள் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். அப்பா செபத்தியான் சூப்பர்வைசர், அன்றைக்குச் சில்வர் ஓக் மரத்தைக் கயிறு கட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் நினைத்த பக்கம் சாயவில்லை. கயிறு பிடித்தவர்கள் மேல் தப்பில்லை, மரத்தின் மேல் தப்பில்லை, காற்றின் மேலும் இல்லை என்று எல்லாரும் பேசி முடித்தார்கள். ஞானப்பூ அழவில்லை, செபத்தியானும் அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவள் ஊசி போட வந்தாள், அவன் வேலையாட்களின் பெயர் கூப்பிடப் போனான். அன்றிலிருந்து ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில், அவள் வைப்பாள் அவன் உண்பான், அவன் சுவரைப் பார்த்து உட்காருவான், அவள் அவன் முதுகைப் பார்த்து உட்காருவாள். சண்டை இல்லை. ஒருத்தரிடம் ஒருத்தர் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். கேமரா பளிச்சென்று அடித்ததும் தாவீது என்ன செய்தார் என்றால், இரண்டு உள்ளங்கையையும் கேமராவின் வாய்க்கு நேரே நீட்டி, அந்தச் சூட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுடலியும் அப்படியே செய்தாள், ஞானப்பூவும் அப்படியே செய்தாள். மாரியம்மன் கோயில் கற்பூரத் தட்டானாலும் மாதா கெபியின் மெழுகுத்திரியானாலும், முகத்துக்கு நேரே ஒரு வெளிச்சம் வந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை கேட்காது, தானாக எழும்பும். கண்ணாடியில் விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும், படம் மங்கும், வேண்டாம் என்று நஸ்ரின் நயமாகச் சொன்னாள். சரி சரி என்றார்கள், அடுத்த தடவையும் கை எழும்பியது. லைன் ஜனம் வரிசையில் வந்தபோதும் அதே கதைதான், ஒவ்வொருத்தரும் வெளிச்சத்தை வாங்கி ஒற்றிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

ஒற்றிக்கொண்டவர்கள் கண்ணில் வெளிச்சம் தங்கிவிட்டது. இருட்டறையை விட்டு வெளியே வந்து அவர்கள் எதைப் பார்த்தாலும் அதன் மேல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு வட்டம் விழுந்தது, பழுத்த ஆரஞ்சுச் சுளையின் நிறத்தில், கிட்டத்தில் பூரி அளவு, தூரத்தில் சுளகு அளவு. வட்டத்துக்குள் வேர் மாதிரி ரத்தக் குழாய்கள், ஒரு பக்கம் மஞ்சள் தட்டு, நடுவில் கருந்திட்டு. படத்தில் வந்தது எதுவோ அதுவே. ஆடி மாதம் மலையில் வெயில் என்பது பேச்சுக்குத்தான், பகல் முழுக்க மஞ்சு, அந்த மஞ்சில் வட்டங்கள் நன்றாகத் தெரிந்தன. நஸ்ரின் சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிப் போய்த் தன் ஆபீஸுக்குப் போன் பண்ணி விவரம் சொன்னாள். கண்ணாடியை நன்றாகத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தாள். கேமராவை ஞானப்பூவிடம் கொடுத்து, நான் வந்து வாங்கிக்கொள்ளும்வரை சர்க்கரைக்காரர் அத்தனை பேரையும் பிடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த எஸ்டேட்டுக்குப் பாடம் சொல்லப் போனாள்.

முதல் வாரம் கொஞ்சம் சிரமம். சுடலியின் வட்டம் கம்பவுண்டரின் சாப்பாட்டு டப்பாவில் இருந்த வறுத்த மீனின் மேல் போய் உட்கார்ந்தது, அவள் முகத்தைத் திருப்பினாலும் அது திரும்பத் திரும்ப அங்கேயே போனது, கடைசியில் தாவீது பாதி மீனைக் கிள்ளிக் கொடுத்தார். பஸ் ஸ்டாப்பில் இளவட்டங்கள் தங்கள் காலைத் தாங்களே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைக் காப்பகத்து ஆயாவின் சடையில் லாரி டிரைவர் ஒருவனுடைய வட்டம் ஊசலாடியதை ஒரு பஸ் ஜனமே பார்த்தது, மறைக்க இனி ஒன்றுமில்லை என்று இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணத்தை முடித்தார்கள். பிரசங்கம் நடக்கும்போது வட்டமெல்லாம் பின்சுவர்க் கடிகாரத்தில் மொய்த்துக் கிடப்பதைச் சாமியார் கண்டார், அடுத்த ஞாயிறு கடிகாரம் பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. மளிகைக் கடைக்காரர் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். ஃபேக்டரிச் சுவரில் ராத்திரி வாட்ச்மேனின் வட்டம் விழுந்து கிடந்ததை ஒரு ஆனை வந்து பழம் என்று தும்பிக்கையால் பறித்துப் பார்த்தது, வரவில்லை, போய்விட்டது. அதற்கும் பழகினோம்.

அப்புறம் ஒரு முறை வந்தது, யாரும் வகுக்காத முறை. இரண்டு பேர் பேசும்போது வட்டத்தை நடுவில் தரையில் பாய் போடுவதுபோலப் போட்டுக்கொள்ள வேண்டும், பிரியமானவர்கள் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். பிறத்தியார் வட்டத்துக்குக் குறுக்கே போனால், கொஞ்சம் தள்ளிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிறத்தியார் வட்டத்தில் கறுப்புப் புள்ளியோ வெள்ளைத் திட்டோ கண்டால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். உன் வட்டத்தில் எறும்பு ஊருது அத்தை, உங்கள் வட்டத்தில் பஞ்சு ஒட்டியிருக்கு மாமா. எறும்பும் பஞ்சும் உள்ளவர்கள் தாவீதிடம் போய்ச் சொல்லிக் கீழே கண்ணாஸ்பத்திரி வேனில் போய் வந்தார்கள். வந்த நோக்கம் என்னவோ அது நிறைவேறிக்கொண்டுதான் இருந்தது.

வெளிச்சம் எப்படிப் போகும் என்பதும் தெரிந்தது. அழுதால் போய்விடும். குடிகாரன் பெண்டாட்டி ஒருத்திக்கு முதல் நாள் சாயங்காலமே போய்விட்டது. கொழுந்து எடை போடுமிடத்தில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தவருக்குப் போய்விட்டது. லாரி டிரைவருக்குத் தாலி கட்டும்போது போனது, அவனை இன்றைக்கும் கிண்டல் பண்ணுகிறார்கள். பழைய கங்காணி கோயில்பிள்ளை செத்த அன்றைக்குக் கீழ் லைனில் பாதிப் பேருக்குப் போய்விட்டது. வேண்டாம் என்று நினைத்தவர்கள் வெங்காயம் உரித்துப் பார்த்தார்கள், ஈர விறகைப் பற்றவைத்துப் புகையில் உட்கார்ந்து பார்த்தார்கள், அதற்கெல்லாம் போகவில்லை, அழுகை அதுவாக வர வேண்டும். அதுவாக வந்துகொண்டுதான் இருந்தது, எஸ்டேட்டில் அழுவதற்கு ஆளுக்கொன்று இல்லாமலா. ஆவணி பாதியில் மலையில் வட்டங்கள் குறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகி, கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது.

அது ஞானப்பூவுடையது. எறும்பு இல்லை, பஞ்சு இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டுப் போலச் சுத்தமான வட்டம், அது செபத்தியானின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. காலையில் அவன் பெயர் கூப்பிட இறங்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து புறப்பட்டு அவன் சட்டையின் பின்பக்கம் உட்கார்ந்து, வளைவு வரும்வரை அவனோடு இறங்கிப் போகும். சாயங்காலம் அவன் ஏறி வந்து வாசலில் திரும்பி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போது மறுபடியும் வந்து உட்காரும். அவனுக்குத் தெரியும், எதிரே வருகிறவர்கள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு ஒதுங்கும்போது தெரியாமல் இருக்குமா. அவன் திரும்பவில்லை. நர்ஸக்கா பார்க்கிறாங்க, குறுக்கே போகாதே என்று பிள்ளைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். மழை கொட்டினாலும் அந்த வட்டம் நனையாது. ரூபனுடைய பிறந்தநாள் வந்தது, போனது. வட்டம் மங்கவில்லை. அவளுக்கும் அழுகை வரவில்லை என்பது அப்படி எஸ்டேட்டுக்கே தெரிந்துபோனது.

செபத்தியான் மட்டும் படம் பிடிக்க வரவே இல்லை. அவனுக்குச் சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷம். பெயர் கூப்பிட வேண்டும் என்பான், பல்வலி என்பான், இன்றைக்குத் துரை காட்டுக்கு வருகிறார் என்பான். பயலின் சாவுக்குப் பிறகு அந்த ஆளுக்கு வேறெங்கோ ஒரு பார்வை இருக்கிறது, வட்டம் விழுந்தால் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயப்படுகிறான் என்று டீக்கடையில் ஒருவன் ஆரம்பித்தான். சுடலி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்த அண்ணன் பார்வை எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்திலேயே செத்துக் கிடக்கிறது, உன் வட்டம் யார் வீட்டு ஜன்னலில் கிடந்தது என்று நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவன் டீயை முடிக்காமலே எழுந்து போனான்.

ஆனால் வேறொன்றை எல்லாரும் கவனித்திருந்தார்கள். செபத்தியான் இப்போது ஆளைக் குரலை வைத்துத்தான் கூப்பிட்டான். ஓடையைத் தாண்டுகிற பலகையில் காலால் தடவிப் பார்த்துத்தான் அடுத்த காலை வைத்தான். எடை போடும்போது மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்து ஒரு கணம் நின்று, தராசைப் பார்க்காமலே எடையைச் சொன்னான், அனேகமாகச் சரியாக இருக்கும், சரியில்லாதபோது பெண்கள் மெதுவாகத் திருத்திச் சொல்வார்கள். ஒரு நாள் மஞ்சுக்குள் நின்ற காட்டெருமையைப் பாறை என்று நினைத்துச் சாய்ந்து நிற்கப் போனான், பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கண் முழுக்கப் போய்விட்டால் இந்த மலையில் ஒரு ஆள் எத்தனை நாள் நடப்பான். அது வீட்டில் அவன் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாமல் இல்லை. சோற்றை எங்கே வைத்தாலும் அவன் கை முதலில் தட்டின் விளிம்பைத் தேடியது.

நஸ்ரின் கேமராவை வாங்கிக்கொண்டு போகத் திரும்பி வந்தாள். மூவர் பிடித்த படங்களையும் பார்த்து, பிறை விழுந்ததை எல்லாம் தாவீதிடம் திரும்பக் காட்டி, நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று மூவரிடமும் சொல்லிவிட்டு, மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வேன் வரும், அதில் நான் போகிறேன் என்றாள். எல்லாரும் வந்துவிட்டார்கள், உங்கள் வீட்டுக்காரர் படம் மட்டும் இல்லையே அக்கா, அடுத்து இந்தப் பக்கம் கேமரா எப்போது ஏறும் என்று எனக்கே தெரியாது என்றாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள் ஞானப்பூ.

அன்றைக்குச் சாயங்காலம் தாவீது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் செபத்தியானைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் பந்தல் கட்டியவர்கள். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, வா என்றார். அவன் தொட்டி வழிகிற தண்ணீரில் கையைக் கழுவினான்.

"வெளிச்சம் அடிச்சா கை சும்மா இருக்காது, தாவீது. வாங்கி ஒத்திக்கும். எல்லாருக்கும் அழுதாப் போயிரும். எனக்குப் போகாது."

"போகாட்டி என்னப்பா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"அது அவ மூஞ்சியில விழாது. ஊரே பார்க்கும். அவளும் பார்ப்பா."

ஏன் விழாது என்று தாவீது கேட்டார். அவன் படியில் நாலைந்து இறங்கிவிட்டு, திரும்பாமலே சொன்னான்.

"பயலுக்கு அவ முகம்."

தாவீது இதை மறுநாள் காலையில் மாத்திரைப் பொட்டலம் மடிக்கிற சாக்கில் ஞானப்பூவிடம் சொன்னார், சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. அவள் கட்டுப்போடுகிற துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றார். மடித்த துணியை அலமாரியில் வைத்தாள், பூட்டினாள், பிறகு சுடலியைக் கூப்பிட்டு, உன் கம்பளி பெரிதா என் கம்பளி பெரிதா என்று கேட்டாள்.

அவளுக்கு ஒரு பிள்ளைக்காரி ஞாபகம் வந்திருந்தது. கைப்பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே படத்துக்கு உட்கார்ந்தவள், வெளிச்சம் அடித்தபோது கை காலியாக இல்லை, அதனால் வாங்கிக்கொள்ளவில்லை, கண்ணில் ஒன்றும் தங்கவுமில்லை. எழுந்து பிள்ளையைச் சுடலியிடம் கொடுத்ததும்தான் கை தானாக நீண்டு கேமராவின் வாய்க்குப் போனது, கற்பூரம் அணைந்த பிறகும் தட்டில் சூடு நிற்குமே, அந்த மாதிரி அங்கே நின்றிருந்த சூட்டை வாங்கி ஒற்றிக்கொண்டாள், வட்டம் வந்துவிட்டது. இதை அன்றைக்கு எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். ஞானப்பூ சிரிக்காமல் பார்த்து வைத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு முதல் எடை. ஒன்பதாம் நம்பர் காட்டில் மஞ்சு இறங்கி, தராசு தொங்குகிற முக்காலியும் அதன் பக்கத்தில் நின்ற செபத்தியானும் மட்டும் தெரிந்தார்கள், வரிசையின் வால் தெரியவில்லை. மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது, பெண்கள் தலையிலிருந்து முழங்கால்வரை கம்பளி போட்டு, இடுப்பில் படங்குச் சாக்குத் துணி சுற்றி, மூட்டையும் தாங்களுமாக நின்றார்கள். வரிசையில், கம்பளிக்குள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஞானப்பூவும் நின்றாள். அவள் அப்பனும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள், லைன் வீட்டில் பிறந்து நர்ஸுக்குப் படித்தவள், கம்பளியைத் தலையில் போடுகிற விதம் மறக்கவில்லை. ஆனால் அவள் கண்ணைத் திறந்தால் வட்டம் போய் அவன் மேல் விழும், வந்திருப்பது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். சுடலி முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாக நடத்தினாள். முன்னும் பின்னும் நின்றவர்களுக்கு விஷயம் தெரியும், அவளை மறைத்து நெருங்கி நின்றார்கள். அவள் மூட்டையில் ஈரக் கொழுந்தை மிதித்துத் திணித்திருந்தார்கள், ஒற்றைக் கையால் யாரும் தாங்க முடியாத கனம்.

முறை வந்தது. சுடலி பின்னாலிருந்து மெல்லத் தள்ளினாள். செபத்தியான் எல்லார் மூட்டையையும் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்து, இதென்ன இந்தக் கனம் கனக்கிறது என்று எடையை யோசித்துக்கொண்டு நின்றான். அந்த நிற்றலில் ஞானப்பூ தன் கம்பளியைத் தூக்கி அவன் தலைக்கும் சேர்த்துப் போட்டாள். சுடலி ஓரத்தைச் சுற்றிச் செருகினாள். ஊசி போடுகிற அறையை விட அது நல்ல இருட்டு.

வெளியே நின்றவர்களுக்கு ஒரு கம்பளியும் நாலு காலும்தான் தெரிந்தன. உள்ளே கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சும்மா இருப்பதுதான் பாதி வேலை என்று நஸ்ரின் சொன்னாளே, கண்மணி விரியட்டும் என்று அந்தச் சும்மா. கம்பளியின் நெசவு வழியாக ஆரஞ்சு நிறத்தில் லேசாகக் கசிந்தது, அவள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று பெண்கள் தெரிந்துகொண்டார்கள். மூன்று மழையாக முதுகிலேயே கிடந்த பார்வை இப்போது எங்கே விழுந்திருக்கும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

"இறக்கி வைக்கணும்" என்றது அவன் குரல்.

"கொழுந்து மண்ணுல படக் கூடாது. பிடிச்சுக்கோங்க."

சூப்பர்வைசராக இருபது வருஷம் அவனே சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். மண் பட்ட கொழுந்தை ஃபேக்டரி திருப்பிவிடும், திருப்பினால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தடவை நல்லா மூடித் திறங்க. பச்சையைப் பாருங்க."

கம்பளி உள்ளிருந்து வெள்ளையாக ஒரு தடவை மின்னியது.

"வலது ஆச்சு. இடது."

இந்தத் தடவை நேரம் பிடித்தது. அவன் ஏதோ சொன்னான், மழையில் கேட்கவில்லை. அவள் அதற்குப் பதிலாக, பச்சையைப் பாருங்க, அதுக்குப் பின்னாடி நான்தான் இருக்கேன், வேற யாரும் இல்லை என்றாள். அது கேட்டது. கம்பளி இரண்டாவது தடவை மின்னியது.

மீதி உனக்கே தெரிந்திருக்கும். படம் இரண்டும் சுத்தமாக இருந்தன, பிறை இல்லை, இமை நிழல் இல்லை, இந்தப் பயிற்சியில் நான் பார்த்த நல்ல படம் இதுதான் என்று நஸ்ரின் சொன்னாள். இடது கண்ணில் எறும்பும் பஞ்சும் நிறைய, வலதில் தொடங்கியிருந்தது. மத்தியான வேனிலேயே நஸ்ரின் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள், போகும்போதே மருந்து விட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள், அதனால் அவன் கண்ணில் அன்றைக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்று மலையில் யாரும் பார்க்கவில்லை. கீழே லேசர் வைத்தார்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை. வலது கண் நின்றது, இடதில் பாதி நின்றது. ஓய்வு பெறும்வரை பெயர் கூப்பிட்டான், பலகையைக் காலால் தடவாமல் ஓடையைத் தாண்டினான். வட்டங்களின் காலம் அந்த மழையோடு முடிந்தது, அடுத்த தடவை கேமரா ஏறியபோது கையை நீட்டியவர்களுக்கு வெறும் கைதான் மிஞ்சியது.

ஆனால் அந்தக் கம்பளிக்கு வெளியே நின்றவர்கள் இன்றைக்கும் பேசுவது லேசரைப் பற்றி இல்லை. இரண்டாவது வெளிச்சம் அடித்து, படம் சரியாக விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்த பிறகு, நினைத்த காரியம் முடிந்தது, கம்பளியை உருவிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அவன் கையில் மூட்டை இருக்கும்வரை அவனுக்கு ஒரு பயமும் இல்லை, அதற்காகத்தானே அத்தனை கனமாகக் கட்டியது. கேமராவின் வாயில் சூடு இன்னும் நின்றிருக்கும். அது அவளுக்குத் தெரியும், நெற்றிக்கு நேரே நிற்கிற சூடு அவனுக்கும் தெரியாமல் இருக்காது. கம்பளி அசையவில்லை. பிறகு அதன் கீழ் ஓரம் கொஞ்சம் தூக்கியது. ஞானப்பூவின் கை வெளியே வந்தது, அதோடு மூட்டையும் அவன் மார்பிலிருந்து சறுக்கி வந்தது, காலியான அவன் கை இரண்டும் உள்ளேயே நின்றன. சுடலி அவசரமாக இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்தாள். சுடலி மறுபக்கம் தாங்க, ஞானப்பூ மூட்டையை அதன் மேல் மண் படாமல் இறக்கி வைத்துவிட்டு, கையை உள்ளே இழுத்து, கம்பளியின் ஓரத்தைத் திரும்ப மூடிக்கொண்டாள்.